நாலே நாலு கீழ்ச்சுரம்

என் அண்ணனுக்கு நான் சொன்ன பொய்கள் எல்லாமே தொலைபேசியில் சொன்னவை. அவர் ஜெர்மனியில், நான் யாழ்ப்பாணத்து மானிப்பாயில். இடையில் இவ்வளவு கடல் கிடக்கும்போது ஒரு மனிதன் தன்னைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதில் குற்றம் இல்லை என்றே நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறேன் என்பது உண்மை. கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிறேன் என்பதும் உண்மை. "மேற்கத்திய சங்கீதமும் எனக்குத் தண்ணிபட்ட பாடு அண்ணை" என்று ஒருநாள் சொன்னேனே, அதுதான் பொய். அந்தப் பொய்க்குப் பதினைந்து வயதானபோது அது விமானம் ஏறி, தோளில் வயலின் பெட்டியோடு என் வீட்டு வாசற்படலையில் வந்து இறங்கியது.

வந்தவள் அண்ணனின் மகள், எனக்குப் பெறாமகள். வயது பத்தொன்பது. பிறந்ததும் வளர்ந்ததும் ஜெர்மனியில். ஆனால் தமிழ் மட்டும் அவளுடைய தாய் தகப்பன் இங்கிருந்து புறப்பட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. உரும்பிராயில் தாய் வழியில் ஒரு கல்யாணம். அதற்கென்று மூன்று கிழமை லீவில் வந்திருந்தாள். வந்த இடத்தில் ஒரு சிக்கல்.

ஜெர்மனியில் ஓர் இசைக் கல்லூரியில் பரோக் வயலின் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். முதல் சுற்றுக்கு வீடியோ அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது, ஒரே மூச்சில் எடுத்திருக்க வேண்டும். பக்கவாத்தியத்தை முன்கூட்டிப் பதிந்து போடவும் கூடாது. ஓர் ஆள் உண்மையாகவே பக்கத்தில் இருந்து வாசிக்க வேண்டும். வாசிக்க இருந்த சிநேகிதி சைக்கிளால் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் இந்த வருஷம் போச்சு. இதை எல்லாம் அவள் எனக்குச் சொன்னது செவ்வாய்க்கிழமை.

"அப்பா சொன்னவர், பயப்பிடாதை, சித்தப்பா இருக்கிறார்தானே எண்டு."

சித்தப்பா இருந்தார்தான். கதிரையில், முகத்தில் ஒரு மேதையின் புன்னகையோடு இருந்தார். வயிறுதான் எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போயிருந்தது. எனக்குப் பயம் வந்தால் மூளைக்கு முன்னம் வயிற்றுக்குத் தகவல் போய்விடும்.

பரோக் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் போனில் தேடிப் பார்த்தேன். ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறாம் ஆண்டிலிருந்து ஒரு நூற்றைம்பது வருஷம் ஐரோப்பாவில் ஓடிய சங்கீதமாம். அலங்காரம் கூடினது. பாதி உருப்படிகளுக்கு நடனங்களின் பெயர், ஆனால் ஒருவரும் எழும்பி ஆடுவதில்லை. கணக்குப் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் முதலில் போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் கோட்டைக்குள் இருந்து எங்களை ஆண்ட காலம். கதிரையையும் அலுமாரியையும் யன்னலையும் கந்தோரையும் எங்களிடம் விட்டுப் போனவர்கள் இந்தச் சங்கீதத்தை மட்டும் கவனமாகக் கப்பலில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்சம் தந்துவிட்டுப் போயிருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திராது.

அவள் வயலினை வெளியே எடுத்தாள். பழைய காலத்து மாதிரி, தந்தியெல்லாம் குடலில் செய்ததாம்.

"என்ன குடல்?" என்று அடுக்களையில் இருந்து கேட்டாள் என் மனைவி. அவள் தபால் கந்தோரில் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறாள். சங்கீதத்துக்கும் அவளுக்கும் உள்ள ஒரே தொடர்பு நான்தான். அதையும் அவள் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

"ஆட்டுக் குடல், சித்தி."

"சிவசிவா. சாமி அறைப் பக்கம் மட்டும் கொண்டுபோயிடாதை மோனை. அதுவும் செவ்வாய்க்கிழமையிலை."

பிறகு பெறாமகள் ஒரு தாளை என் முன் விரித்தாள். கீழ் வரியில் பாஸ் சுரங்கள். அவற்றுக்கடியில் எண்கள்: ஆறு, ஏழு, நாலு மூன்று. மின்சார பில் மாதிரி இருந்தது. நான் தலையை மெல்ல ஆட்டினேன். எங்கள் சபாக்களில் ஒன்றும் விளங்காதவர்கள் ஆட்டுகிற அதே ஆட்டம்.

"உங்களுக்குத் தெரியும்தானே சித்தப்பா, கீழ்ச்சுரம் மட்டுந்தான் எழுதியிருக்கும். எண்ணைப் பாத்து மேலை என்ன வாசிக்கிறது எண்டதை நீங்கள்தான் அந்தந்த இடத்திலை யோசிச்சுப் போடவேணும்."

"ஓம் ஓம். மனோதர்மம்." எனக்கு உயிர் வந்தது. எழுதாததை வாசிக்கிற கூட்டமென்றால் எங்கள் கூட்டந்தான். அவள் சுரங்களின் தலையில் இருந்த சின்னச் சின்ன நெளிவுகளைக் காட்டி, இதெல்லாம் அலங்காரம், சுரத்தை நடுங்க விடுகிற இடம் என்றாள். "உதைத்தான் நாங்கள் கமகம் எண்டுறது" என்றேன். சில பாட்டுகளில் முதல் பகுதிக்குத் திரும்பி வருவார்களாம், திரும்பும்போது புதுசாய் ஏதாவது சேர்ப்பார்களாம். "பல்லவி!" என்று தொடையில் தட்டினேன். பதினைந்து வருஷமாக நான் சொன்னது பொய்யே இல்லையோ, எனக்குத் தெரியாமலே எனக்குத் தெரிந்திருக்கிறதோ என்று ஒரு நப்பாசை வந்தது.

அந்த ஆசை வாசிக்கத் தொடங்கும் வரைக்கும் நன்றாக இருந்தது.

அவள் ஒரு வரி வாசித்தாள். நான் பணிவோடு கேட்டிருந்தேன். அவள் மூச்செடுத்த இடத்தில் அதே வரியை என் கீபோர்ட்டில் மெதுவாகத் திருப்பி வாசித்தேன். அவள் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா, ஏன் நான் முடிச்சாப் பிறகு வாறீங்கள்?"

"அது மரியாதை, பிள்ளை. பாடுற ஆள் முன்னுக்குப் போவார். பக்கவாத்தியக்காரர் பின்னாலை, நிழல் மாதிரி."

"இஞ்சை நீங்கள்தான் முன்னுக்கு. நீங்கள் நிலம். நான் அதுக்கு மேலை நடக்கிறன். நிலம் பின்னாலை வந்தா நான் விழுந்து போவன்."

"ஒராள் சொன்னதை மற்றாள் பின்னாலை வந்து சொல்லுறது உங்கடை ஆக்களிட்டை இல்லையோ?"

"இருக்கு. அதுக்கு ஃபியூக் எண்டு பேர். ஆனா அதை ஒரு ஆள் முதலே யோசிச்சு எழுதவேணும். சித்தப்பா பயத்திலை பிந்தி வாறது ஃபியூக் இல்லை."

பயம் என்ற சொல்லை அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என் முழங்கை கீபோர்ட்டின் ஏதோ பொத்தானில் பட்டது. கல்யாண வீட்டுக்கென்று நான் சேமித்து வைத்திருந்த டிஸ்கோத் தாளம் டம் டம் என்று தொடங்கியது. அடுக்களையில் மனைவி சிரித்தது தாளத்தையும் தாண்டிக் கேட்டது.

அடுத்த நாள் காலை, தேத்தண்ணி குடிக்கும்போது, பெறாமகள் மிகவும் இதமாக ஒரு யோசனை சொன்னாள். எண்கள் போட்ட அந்த உருப்படியை விட்டுவிடலாம். அவளுக்கு வேறொன்றும் மனப்பாடம். அதில் கீழே நாலே நாலு சுரம்தான். ச, நி, த, ப என்று படி இறங்குகிற மாதிரி. திரும்பத் திரும்ப அதுவேதான், எட்டு நிமிஷம். மேலே வயலின்தான் சோகமாகவும் கோபமாகவும் ஓடியும் நின்றும் விதம்விதமாய் மாறும். பரோக்கில் இதுவும் ஒரு பெரிய வடிவமாம்.

"எத்தினை தரம்?"

"அறுபத்து நாலு."

எனக்கு நிம்மதிக்குப் பதிலாக அவமானம் வந்தது. இருபத்தாறு வருஷம் சங்கீதம் படிப்பித்தவனுக்கு நாலு சுரம்! ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நாளிலேயே ஏழு கொடுக்கிறவன் நான். ஆனாலும் பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

முதல் பத்துச் சுற்றும் பிழையில்லாமல் போனேன். பதினோராவதில் நி-க்கும் த-வுக்கும் இடையில் என் விரல் ஒரு சின்ன வளைவை வைத்தது. நான் வைக்கவில்லை, விரல் வைத்தது. பன்னிரண்டில் அந்த வளைவுக்கு ஒரு வால் முளைத்தது. பதினைந்தில் நான் கண்ணை மூடியிருந்தேன். இருபதுக்குக் கிட்ட ஒரு முழுச் சங்கதி, மேலே போய்க் கீழே வந்து, அருமையாய் விழுந்தது. கண் திறந்து பார்த்தபோது வயலின் எப்போதோ நின்றிருந்தது.

"வடிவா இருந்தது சித்தப்பா" என்றாள். அவள் நல்ல பிள்ளை. "ஆனா மாறுறது நான். மாறாமல் இருக்கிறது நீங்கள்."

இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. செய்வதுதான் கஷ்டம். எங்கள் பாடத்தில் ஒரு வரியை இரண்டாம் தரம் அப்படியே பாடினால் அந்தப் பிள்ளை வீட்டில் பழகவில்லை என்று அர்த்தம். நானே எத்தனை பிள்ளைகளைக் கதிரையில் தட்டி உறுக்கியிருக்கிறேன். "என்ன, கிளிப்பிள்ளையே? ஒரு சங்கதி வை பாப்பம்!" இப்போது கிளிப்பிள்ளையாக இருக்கச் சொன்னால் முடியவில்லை. வியாழக்கிழமை முழுவதும் முயன்றேன். ஒருமுறை அறுபத்து நாலாம் சுற்று வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். வந்த சந்தோஷத்தில் கடைசி வரியை மூன்று தரம் வாசித்துத் தீர்மானம் வைத்து, கையைத் தூக்கி முடித்தேன். வில் இன்னும் தந்தியில் இருந்தது. அவள் அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

கல்லூரிக்கு அனுப்பும் இந்த ஒரு வீடியோதான் அவளுக்கு எல்லாம். தகப்பன் வேறு படிப்புப் படிக்கச் சொல்லி நிற்கிறார். இந்த வருஷம் எடுபடாவிட்டால் அந்தப் படிப்புக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். இதை அவள் என் மனைவியிடம்தான் சொன்னாள். என்னிடம் சொன்னால் நான் இன்னும் நடுங்குவேன் என்று நினைத்திருப்பாள். மனைவி என்னிடம் சொன்னாள். நடுங்கினேன்.

வெள்ளிக்கிழமை மனைவி கந்தோருக்கு லீவு போட்டாள். பின்னேரம் மூன்று மணிக்கு ஹோலில் வெளிச்சம் சரியாக விழுந்தது. போனை அலுமாரியின் தட்டில் நிறுத்தி வைத்தோம். படத்தில் பெறாமகள் மட்டும் முழங்கால் வரை தெரிவாள். நான் சட்டத்துக்கு வெளியே, பக்கவாத்தியம் கேட்டால் போதுமாம். முதல் தடவை பத்தொன்பதில் சறுக்கினேன். இரண்டாம் தடவை இருபத்தெட்டில். மூன்றாம் தடவை வியர்வையில் விரலே வழுக்கியது. நாலாம் தடவை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, தன்பாட்டில் கதைப்பது போலச் சொன்னாள்:

"இருபத்தேழு. இனி அவர் பிழை விடுவார்."

விட்டேன்.

"என்னப்பா, நீர் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்!" என்று கத்தினேன்.

"நான் சொல்லாட்டிலும் விட்டிருப்பியள். இருபத்தேழு வந்தா உங்கடை தோள் இப்பிடி ஒருக்கா எழும்பும். பேந்து ஏதோ ஒண்டு நுழைக்கிறியள்."

பெறாமகள் வயலினைத் தாழ்த்தினாள். "சித்தி, நீங்கள் எண்ணிக்கொண்டோ இருந்தனீங்கள்?"

"பின்னை? மூண்டு நாளா உந்தக் கண்டறியாத நாலையும்தானே கேக்கிறன். ஒவ்வொருக்காவும் எண்ணினனான். கந்தோரிலை கட்டுக் கட்டா எண்ணிப் பழக்கம்."

அவள் சித்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனி வாசிக்கப்போவது நானில்லை என்று எனக்கு விளங்கியது. பிறகு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நாலு நாளில் முதல் தடவையாக என் வயிறு அமைதியானது.

"விசர்க் கதை. எனக்கு ச எங்கை இருக்கெண்டே தெரியாது" என்று மனைவி கையை உதறினாள். பெறாமகள் அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நாலு ஸ்டிக்கர் பொட்டுகளை உரித்து எடுத்தாள். நாலு கட்டைகளில் ஒட்டினாள். பெரிய பொட்டு ச. மற்றவை இடப்பக்கமாக இறங்குவரிசையில். மனைவி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வந்து இருந்தாள். சுட்டுவிரலை நீட்டி, முத்திரை குத்துவது போலவே, அவசரமும் இல்லாமல் சுணக்கமும் இல்லாமல் ஒவ்வொன்றாய் அழுத்தினாள். ஒத்திகையில் இருபது சுற்றுப் போனது. முப்பது போனது. தோள் எழும்பவில்லை. முகத்தில் ஒரு பாவமும் இல்லை. இடையில் ஒருமுறை அடுக்களைப் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ, பருப்பை ஒருக்காப் பாருங்கோ" என்றாள். கை தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. நான் போய்ப் பருப்பைப் பார்த்தேன்.

ஐந்தாம் தடவை தொடங்கியது. இப்போது நான் ரசிகன் மட்டுமே. அதனால் என்ன பிழை வரப்போகிறது என்று கேட்பீர்கள். நாற்பதாம் சுற்றுக்குக் கிட்ட வயலின் மிகவும் மெலிந்து, ஒரு நூலில் தொங்குவது போல மேலே நின்று, பிறகு நடுங்கிக்கொண்டு கீழே வந்தது. "ச்சு ச்சு ச்சு... பலே!" என்றேன். தொடையிலும் ஒரு தட்டு விழுந்தது. நல்ல சங்கீதத்தைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எங்கள் ஊரில் பாடகரை அவமதிப்பது. ஆனால் போன் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்கள் வெளியாலை போங்கோ" என்றாள் மனைவி.

"நான் இனி..."

"படலைக்கு வெளியாலை."

போனேன். ஏதோ எனக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று காட்ட, வாசலோடு போகிற ஒழுங்கையைக் காவல் காக்கத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணி மோட்டரை ஒரு பத்து நிமிஷம் நிற்பாட்டச் சொல்லிக் கெஞ்சினேன். முருங்கையில் இருந்த காகத்துக்குக் கல்லெறிந்தேன். உள்ளே ஆறாம் தடவை தொடங்கிவிட்டது. ச, நி, த, ப. அப்போதுதான் ஒழுங்கை முடக்கில் அந்தப் பாட்டுக் கேட்டது. பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ. ஐரோப்பிய மேதை ஒருவரின் மெட்டாம். எங்கள் நாட்டில் அதைக் கேட்டால் பணிஸ் வருகிறது என்று அர்த்தம். மேற்கத்திய சங்கீதத்தில் எனக்கு உண்மையாகவே முழுதாய்த் தெரிந்தது அது ஒன்றுதான்.

நடு ஒழுங்கையில் கையை விரித்துக்கொண்டு ஓடினேன். பாண்காரர் பயந்து பிரேக் அடித்தார்.

"என்ன மாஸ்ரர், ஆருக்கும் ஏதும்...?"

"பாட்டை நிப்பாட்டுங்கோ! கெதியா!"

"பாட்டை நிப்பாட்டினா நான் வந்தது சனத்துக்கு என்னண்டு தெரியும்?"

"நான் சனம். என்ன மிச்சம் கிடக்கோ எல்லாத்தையும் தாங்கோ."

அவர் பாட்டை நிற்பாட்டினார். ஏதோ நினைத்து எஞ்சினையும் நிற்பாட்டினார். எங்களுக்குப் பின்னால் மதில். மதிலுக்கு அப்பால் என் வீடு. "உதென்ன சத்தம்?" என்று மெதுவாகக் கேட்டார். விரலை வாயில் வைத்தேன். இரண்டு பேரும் நின்றோம், என் கையில் இரண்டு பை பணிஸ்.

தூரத்தில் இருந்து கேட்டபோது வயலின் காற்றில் வந்தும் போயும் இருந்தது. சில இடங்களில் முழுதாகவே காணாமல் போனது. அந்த நாலு சுரம் மட்டும் மதிலால் தாண்டி வந்துகொண்டே இருந்தது. வயலின் எங்கே மறைந்தாலும் எங்கே திரும்பி வரும் என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. நான் எண்ணத் தொடங்கினேன். எங்கே இருந்து தொடங்கினேன் என்பதே பிழை. ஐம்பதாய் இருக்கலாம், ஐம்பத்தைந்தாய் இருக்கலாம். இருபத்திரண்டு வருஷமாக நான் மனைவியைக் கேலி செய்த வேலை, ஒரு மாதிரியே திரும்பத் திரும்பச் செய்கிற வேலை, மதிலுக்கு அப்பால் ஒரு பிள்ளையின் வருஷத்தைத் தாங்கிக்கொண்டு போனது. எனக்குப் பலே சொல்ல வந்தது. பணிஸ் பையை வாயில் அமுக்கினேன்.

பிறகு சத்தம் நின்றது.

முடிந்ததா, முறிந்ததா? அது தெரியாமல் நின்ற அந்த நேரத்தில் எனக்கு ஒரு பத்து வயது கூடிப்போனது என்று நினைக்கிறேன். பாண்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணிப் போத்தலை நீட்டினார். படலை திறந்தது. பெறாமகள் செருப்பும் போடாமல் ஓடி வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அழுதாள். நல்ல அழுகை என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மூன்று கிழமை கழித்து, ஒரு ஞாயிறு காலையில், ஜெர்மனியில் இருந்து அழைத்தாள். அடுத்த சுற்றுக்கு எடுபட்டுவிட்டாள். நேரில் போய் வாசிக்க வேண்டும். அங்கே பக்கவாத்தியத்துக்கு அவர்களே ஆள் தருவார்கள். நடுவர்கள் எழுதி அனுப்பியதை வாசித்துக் காட்டினாள்: வில் பிடி, அலங்காரம், மூச்சுவிட்ட இடங்கள்.

"கீழ்ச்சுரத்தைப் பற்றி?" என்றேன்.

"ஒண்டும் எழுதேல்லை சித்தப்பா."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "ஒண்டும் எழுதேல்லையோ? அப்ப நான் சரியாத்தான் வாசிச்சிருக்கிறன்."

அண்ணன் போனை வாங்கினார். குரலில் நெகிழ்ச்சி. "தம்பி, வீடியோவிலை உன்னைக் காணேல்லை. ஆனா கேட்ட உடனை தெரிஞ்சுது, அது உன்ரை கைதான் எண்டு. என்ன நிதானமடா!"

துருவல் சத்தம் நின்றது. நான் ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். வந்தது வேறு. "அண்ணை, அது நானில்லை. வாசிச்சது இவள். நான் அந்த நேரம் ஒழுங்கையிலை பாண்காரனை மறிச்சுக்கொண்டு நிண்டனான்."

அண்ணன் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். "எடேய், உன்ரை பகிடி இன்னும் போகேல்லை" என்றார். பின்னால் பெறாமகள், "இல்லையப்பா, உண்மையாச் சித்திதான்" என்று கத்தியது கேட்டது. "பார், பிள்ளையையும் பழக்கிப் போட்டாய்!" என்று இன்னும் சிரித்தார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். அண்ணன் ஏதோ கேட்க, தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். "ஓம் அத்தான், அவர்தான் வாசிச்சவர். நல்லாக் கஷ்டப்பட்டவர்" என்று சொல்லி, பிள்ளைக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டு வைத்தாள்.

"ஏனப்பா உப்பிடிச் சொன்னனீர்?"

"மார்கழியிலை அவையள் எல்லாரும் வருகினமாம். கோயிலடி மண்டபத்திலை ஒருக்கா வாசிக்க வேணுமாம்" என்றாள், தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டே. "எனக்கு உதுக்கெல்லாம் லீவு கிடையாது. நீங்கள்தான் வாசிக்க வேணும்."